அரியாத்தையைத் தேடி: வன்னிப் பயணக் குறிப்புகள்

வியாழன். ஆனையிறவு, பரந்தன், முறிகண்டி

ஆனையிறவு வந்ததும் பஸ்ஸில் பாதிப் பேர் போனிலிருந்து தலையை நிமிர்த்தி வெளியே பார்த்தார்கள். எங்கள் தலைமுறைக்கு இது போர்ச் செய்தியில் கேட்டுப் பழகிய பெயர். நான் இந்த முறை யானைகளை நினைத்துக்கொண்டு வந்தேன். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆழமில்லாத இந்தக் கடல்நீரேரியைக் கடத்தித்தான் குடாநாட்டுக்குள் கொண்டுபோனார்கள். போர்த்துக்கேயருக்கும் பிறகு ஒல்லாந்தருக்கும் வன்னியர்கள், அதாவது வன்னியின் குறுநில மன்னர்கள், செலுத்திய திறை யானைதான். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் யானை விற்றபோது இந்தியாவிலிருந்து வியாபாரிகள் வந்து வாங்கிப் போனார்கள். எத்தனை யானை, என்ன விலை என்ற கணக்கை அவர்கள் எழுதி வைத்தார்கள். காட்டுக்குள் இறங்கி யானையின் காலில் கயிறு போட்ட பணிக்கரின் பெயரை எழுத அவர்களுக்குத் தேவை இருக்கவில்லை.

என் வேலை வீடியோக் கலை. இப்போது செய்துகொண்டிருப்பது மூன்று திரைகளில் ஒரே நேரத்தில் ஓடும் ஒரு நிறுவல். பார்க்க வருபவர் நடுவில் நிற்பார், எந்தத் திரையை எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதை அவரே தீர்மானிப்பார். அதன் நாயகி அரியாத்தை. வேலப்பணிக்கனின் மனைவி. கணவனும் மற்ற ஆண்களும் அடக்க முடியாத கொம்பன் யானையை அவள் தனியாகப் போய்க் கட்டினாள் என்பது வன்னிக் கதை.  அவள் கதையைச் சொல்ல ஓர் ஒப்பாரி இருக்கிறது. அதைப் பாடக்கூடியவர்களைத் தேடித்தான் இந்தப் பயணம். என்னோடு ஒலிப்பதிவு செய்யும் தம்பி ஒருவர் வருகிறார்.

ட்ரோனை யாழ்ப்பாணத்திலேயே விட்டுவிட்டோம். மேலிருந்து எடுத்தால் குளமும் வயலும் காடும் மிக அழகாக வரும், தெரியும். ஆனால் போர்க்காலத்தில் வேவு விமானத்துக்கு வன்னிச் சனம் வைத்த பெயர் வண்டு. அந்த இரைச்சல் கேட்டதும் பங்கருக்குள் ஓடிய பிள்ளைகள் இன்று தாய் தகப்பன் ஆகிவிட்டார்கள். அவர்களுடைய முற்றத்துக்கு மேலே இன்னொரு வண்டைப் பறக்கவிட எனக்கு மனமில்லை. முக்காலியை நிலத்தில் ஊன்றி, ஆள் உயரத்தில் நின்று எது தெரிகிறதோ அதை எடுப்போம்.

பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை இருந்த இடத்தை வெளியே நின்று எடுத்தோம். ஆனையிறவு உப்பைக் கொண்டு கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த தொழிற்சாலை அது. கிளிநொச்சியில் அதிக நேரம் நிற்கவில்லை. 1936இல் யாழ்ப்பாணத்துக் காணியற்றவர்களுக்கும் வேலையற்றவர்களுக்கும் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய ஊர். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் அவர்களைக் கமக்காரர் ஆக்கியது. முறிகண்டியில் எல்லா வாகனத்தையும் போல எங்கள் பஸ்ஸும் நின்றது. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டோம்.

வெள்ளி. கற்சிலைமடு, ஒட்டுசுட்டான்

மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் காற்றே மாறுகிறது. சோழகக் காற்றுத் தொடங்கிவிட்டது. வீதியோரம் பாலையும் வீரையும். பாலைப்பழம் இப்போதுதான் மஞ்சள் பிடிக்கிறது.

கற்சிலைமடு, வன்னி மன்னன் பண்டாரவன்னியன் தோற்ற இடம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். 1803 ஓகஸ்ட் 25 அன்று அவன் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். கோட்டைக்குப் பொறுப்பாயிருந்த வொன் ட்றிபேர்க் கடல் வழியாக யாழ்ப்பாணத்துக்குத் தப்பிப் போனான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 அன்று திரும்பி வந்து, விடியும் முன் இங்கே வைத்து வன்னியனைத் தோற்கடித்தான். பிறகு ஆங்கிலேயர் ஒரு கல் நட்டார்கள். கப்டன் வொன் ட்றிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தது இவ்விடத்தில் என்று ஆங்கிலத்தில் பொறித்தார்கள். போர் முடிந்த 2009க்குப் பிறகு அந்தக் கல்லும் சேதமாக்கப்பட்டது.

இதை யோசித்துப் பாருங்கள். வென்றவன் தன் வெற்றிக்காக நட்ட கல் அது. அதைத்தான் எங்கள் ஆட்கள் மாலை போட்டுத் தங்கள் மன்னனின் நினைவுக்கல் ஆக்கினார்கள். அந்தக் கல்லில் எழுவாய் வொன் ட்றிபேர்க். பண்டாரவன்னியன் அதில் தோற்கடிக்கப்பட்டவன் மட்டும். ஊர் மக்கள் அந்த வாசகத்தைத் தலைகீழாக வாசித்தார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. கமராவை அசைக்காமல் நீண்ட நேரம் அந்த இடத்தை எடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள், ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வைக்கோல் ஏற்றிப் போனது.

சைக்கிளில் வந்த ஒரு ஐயா நின்றார். என்ன எடுக்கிறோம் என்று கேட்டார். சொன்னதும் சைக்கிளை ஸ்டாண்டில் விட்டுவிட்டுக் காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்த கதையைத் தொடங்கினார். நேற்று நடந்ததுபோல அவருக்குக் கோபம் வந்தது. எந்தப் பக்கத்தால் வெள்ளைக்காரன் வந்தான் என்று கையைக் காட்டினார். நாடகங்களில் பார்த்துப் பார்த்து ஊறின கதை. சரித்திர ஆசிரியர்கள் எதை ஏற்பார்கள், எதைத் தள்ளுவார்கள் என்பது வேறு வழக்கு. அந்த ஐயாவின் கையை எடுத்திருக்கிறேன். முதல் திரைக்கு அது போதும்.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, தெரிந்த ஒரு ஆசிரியர் வீட்டில் இரவு தங்கல். எருமைத் தயிரும் சோறும்.

சனி. குமுழமுனை

குமுழமுனை ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் வயல், அப்பால் நாயாற்றுக் கடல்நீரேரி. சிறுபோகப் பயிர் முழங்கால் அளவுக்கு நிற்கிறது. அரியாத்தையின் கதை இந்த ஊரோடு சேர்ந்தது. ஒப்பாரி தெரிந்த ஆச்சி ஒருவர் இருக்கிறார் என்று ஒட்டுசுட்டான் ஆசிரியர்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆச்சி முற்றத்தில் இருந்து ஓலை வார்ந்துகொண்டிருந்தார். கமராப் பையைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"எதுக்குப் பிள்ளை வந்தனீ? ஆமி, செல்லடி, செத்தது, அதுதானே கேக்கப் போறாய்?"

"இல்லை ஆச்சி. அரியாத்தையைப் பற்றிக் கேட்க வந்தனான்."

ஆச்சி ஓலையைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "அவளைப் பற்றி எங்களிட்ட ஒருத்தரும் கேட்டதில்லை" என்றார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி போடச் சொன்னார்.

இந்த முற்றத்துக்கு எத்தனையோ கமராக்கள் வந்து போயிருக்கின்றன. எல்லாம் 2009ஐக் கேட்டன. கேட்க வேண்டியதுதான், அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் என்ன பாடினீர்கள், எதை நட்டீர்கள், எந்தச் சாமிக்கு எதை நேர்ந்தீர்கள் என்று கேட்காமல் வன்னியைப் போரின் கடைசி ஐந்து மாதத்துக்குள் அடைத்துவிட்டோம். அழுகிற முகம் வேண்டும் என்று வந்தவர்களுக்கு அழுகிற முகம் கிடைத்தது. ஆச்சி இறுகியது அதனால்தான்.

கதையை வசனமாகச் சொன்னார். வன்னியன் கட்டளை, கொம்பன் அட்டகாசம், பணிக்கர் கூட்டத்தின் பேச்சு, அரியாத்தை கயிற்றை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கியது, யானையைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தது. ஊரே வாயடைத்து நின்றது. அந்தப் பொறாமையில் வெற்றிலைக்குள் நஞ்சு வைத்துக் கொடுத்தார்கள். அவள் வாங்கிப் போட்டாள். "கொம்பன் கொல்லேல்லை அவளை. வெத்திலை கொண்டது" என்று சொல்லிவிட்டு ஆச்சி தன் கொட்டைப்பெட்டியைத் திறந்து ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினார். அந்தக் கைகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். தலையாட்டினார்.

பாடச் சொன்னபோது மறுத்தார். வீட்டுக்குள்ளே ஒப்பாரி சொல்லக் கூடாது. அதுவும் சனிக்கிழமை. எல்லாவற்றுக்கும் மேலாக, "அம்மாளின்ர விளக்கு காட்டா விநாயகரில எரியுது. பொங்கல் முடியட்டும். புதன்கிழமை வா, வயலுக்குப் போய்ச் சொல்லுறன்."

தம்பி றெக்கோடரை மூடினார். புதன்வரை காத்திருப்பது என்று முடிவு செய்தோம். கலைஞருக்கு நேரம் இல்லை என்பதற்காக ஓர் ஊர் தன் தீட்டையும் விரதத்தையும் தள்ளி வைக்க முடியாது.

ஞாயிறு. முள்ளியவளை

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் நாளை. அதன் சடங்கு வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். முதலில் பாக்குச் சேர்க்கிற பாக்குத்தெண்டல். பொங்கலுக்கு முந்திய திங்கள், சிலாவத்தைக் கடற்கரைக்குப் போய்த் தீர்த்தமெடுப்பார்கள். அந்தக் கடல்நீரை முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, எண்ணெய்க்குப் பதில் அதிலேயே விளக்கெரிப்பார்கள். ஒரு வாரமாக எரிகிற அந்த விளக்கைத்தான் ஆச்சி சொன்னார். விளக்குக்கு முன்னால் கமராவை எடுக்கவில்லை. மைக்கையும் பைக்குள் வைத்துவிட்டுக் கும்பிட்டோம்.

மத்தியானம் கூத்துப் பழக்குகிற ஓர் அண்ணாவியாரிடம் போனோம். முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கத்துக் கோவலன் கூத்து முல்லை மோடி என்று தனிப் பாணியாகப் பெயர் பெற்றது. வட்டக் களரி, மத்தளம், தாளம், பிற்பாட்டு. அண்ணாவியார் ஒரு பெட்டியைத் திறந்து பழைய சி.ஆர். கொப்பி ஒன்றை எடுத்தார். தகப்பனார் ஏட்டைப் பார்த்துக் கையால் எழுதிய கூத்துப் பாட்டு. மூன்று பொலித்தீன் பையால் சுற்றியிருந்தது, மூலைகளில் தண்ணீர்க் கறை.

"2009இல எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் வந்தனாங்கள். இதை மட்டும் வயித்தோட கட்டிக்கொண்டு வந்தன்" என்றார். "முகாமில ஒரு நாள் பெடியளுக்கு வரவுப் பாட்டுச் சொல்லிக் குடுத்தன். மத்தளம் இல்லை. தண்ணிக் கானில அடிச்சம்."

பக்கம் பக்கமாகப் புரட்டச் சொல்லி மேலிருந்து எடுத்தேன். வெளிச்சம் யன்னலால் மட்டும். சில பாட்டுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஆட்களின் பெயர், இந்தப் பாட்டு இன்னாருக்கு நன்றாக வரும் என்ற குறிப்பு. அந்தப் பெயர்களில் இன்று யார் யார் இருக்கிறார்கள் என்று விரல் வைத்துக் காட்டினார். சிலருக்குமேல் விரல் நிற்காமல் தாண்டியது. கலைப்பொருள் என்றால் நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பது என்று நினைக்கிறவர்கள் இந்தக் கொப்பியைப் பார்க்க வேண்டும். இது இன்னும் பாவனையில் இருக்கிறது. போன மாதம்தான் ஒரு பெடியன் இதைப் பார்த்துப் பாட்டுப் பாடமாக்கினான்.

எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து ஒரு பிரதியை அவருடைய மகளின் மடிக்கணினியில் ஏற்றிவிட்டுத்தான் வந்தோம். பதிவு முதலில் அந்த வீட்டில் இருக்கட்டும்.

திங்கள். வற்றாப்பளை

காலையிலேயே வீதி முழுக்கச் சனம். யாழ்ப்பாணம், வவுனியா, மன்னார், திருகோணமலை எல்லா இடத்திலிருந்தும் பஸ். பாற்செம்பும் கற்பூரச் சட்டியும் காவடியும். தூக்குக் காவடி கட்டிய லாண்ட்மாஸ்டர்கள் வரிசையாக ஊர்ந்தன. பறை ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம், கச்சான் கடைக்காரர் ஒரு பக்கம். தம்பி மைக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இந்தச் சத்தத்துக்குள் மெதுவாக நடந்தார். அந்தப் பதிவை வெட்டாமல் முழுதாகப் பாவிக்கப்போகிறேன்.

கோயில் நந்திக்கடல் ஓரத்தில் இருக்கிறது. மதுரையை எரித்துவிட்டுக் கண்ணகி இங்கே ஒரு கிழவியாக வந்தாள் என்பது ஐதீகம். மாடு மேய்த்த சிறுவர்கள் அவளுக்குப் பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல்நீரை அள்ளி ஊற்றச் சொன்னாள், விளக்கு எரிந்தது. தலை கடிக்கிறது என்று சொன்ன கிழவிக்குப் பேன் பார்க்கப் போன சிறுவர்கள் அவள் தலை நிறையக் கண்களைக் கண்டார்கள். அந்தச் சிறுவர்கள் செய்ததைத்தான் இன்றும் செய்கிறார்கள். பின்னேரம் காட்டா விநாயகரிலிருந்து மடைப்பண்டம், அதாவது பொங்கலுக்கான பொருட்கள், வந்து சேர்ந்தது. இரவு வளந்து என்கிற பொங்கல் பானை அடுப்பில் ஏறியது.

நந்திக்கடல் என்று எழுதினால் வெளியே இருக்கிற எவருக்கும் 2009 மே மாதம்தான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான். இரவு கரையில் நின்றபோது ஒரு குடும்பம் பக்கத்தில் வந்து நின்றது. அம்மா கையைக் காட்டி மகனுக்கு ஏதோ சொன்னார். நான் தள்ளிப் போனேன். கொஞ்ச நேரத்தில் அவர்கள் திரும்பிப் பொங்கலுக்குப் போனார்கள். அந்த அம்மாவுக்கு இந்தத் தண்ணீர் தன் ஆட்களை இழந்த இடம், அம்மாள் கிழவியாக வந்து இருந்த கரை, நாளை மருமகன் இறால் பிடிக்கப் போகிற தொழிலிடம். மூன்றும் ஒரே நேரத்தில் இருக்கிறது. மூன்று திரை எதற்கு என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

மதுரையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று வன்னி அவளைத் தெய்வமாக்கி ஆண்டுதோறும் பொங்குகிறது. இந்த மண்ணிலேயே நஞ்சு வைத்துக் கொல்லப்பட்ட அரியாத்தைக்கு ஒப்பாரிதான். இந்த வேறுபாடு என்னை உறுத்துகிறது. ஒருத்தி கணவனுக்காக நீதி கேட்டாள். மற்றவள் ஆண்களின் தொழிலை அவர்களைவிட நன்றாகச் செய்தாள். முதலாவதை மன்னிக்கவும் வணங்கவும் ஊருக்கு வழி தெரிந்திருக்கிறது.

செவ்வாய். முல்லைத்தீவு

நித்திரை இல்லாத கண்ணோடு கடற்கரை. கரைவலை இழுக்கிறவர்களை எடுத்தோம், கயிறு இழுக்கிற கைகள் இரண்டாவது திரைக்கு வேண்டும். பண்டாரவன்னியன் பிடித்த கோட்டை இருந்த பகுதியில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் மிஞ்சவில்லை. முள்ளிவாய்க்காலுக்குப் போனோம், கமரா பைக்குள்ளேயே இருந்தது. மிச்ச நேரம் முழுக்க ஹார்ட் டிஸ்க்குக்கு ஏற்றுவதும் குறிப்பு எழுதுவதும்.

புதன். குமுழமுனை

ஆச்சி விடியவே ஆயத்தமாக இருந்தார். தோய்ந்து, வெள்ளைச் சேலை உடுத்து, கையில் ஒரு தடி. பேத்தியும் வந்தாள். வரம்பு வழியாக நடந்து, வயல் முடிகிற இடத்தில் ஒரு பாலை மரத்தின் கீழே இருந்தார். வீடு கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்துத்தான் தெரிவு செய்திருந்தார்.

முகத்தை எடுக்க வேண்டாம் என்றார். நான் கமராவைக் காட்டுப் பக்கம் திருப்பி வைத்தேன். யானை வரக்கூடிய திசை. திரையில் காட்டு ஓரமும் காற்றில் அசைகிற பயிரும் மட்டும் இருக்கும், குரல் வெளியிலிருந்து வரும்.

தொடங்கும்போது குரல் தாழ்ந்து இருந்தது. நாலைந்து அடிக்குப் பிறகு நெஞ்சிலிருந்து வந்தது. ஒவ்வோர் அடியின் முடிவிலும் மூச்சு உள்ளே இழுபடுகிற சத்தம் தனியாகப் பதிவாகியிருக்கிறது. அரியாத்தையின் நகைகளைச் சொன்னார், நடையைச் சொன்னார், கயிற்றைச் சொன்னார், வெற்றிலை கொடுத்த கையைச் சொன்னார். கொம்பனைக் கட்டுகிற இடத்தில் அழுகை இல்லை. அந்த இடத்தில் ஆச்சியின் குரல் எழும்பி நின்றது, தடி நிலத்தில் தட்டியது. ஒப்பாரிக்குள் இப்படி ஒரு வீரப் பாட்டு ஒளிந்திருக்கிறது என்று எழுத்தில் வாசித்தபோது எனக்குப் பிடிபடவே இல்லை.

முடிந்ததும் ஹெட்போனைக் கேட்டு வாங்கினார். முழுவதையும் கேட்டார். நடுவில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இதில ஒரு அடி விட்டுட்டன். திரும்பச் சொல்லுறன், எடு."

எடுத்தோம். பிறகு பேத்தி, தான் இதை இன்றைக்குத்தான் முழுதாகக் கேட்கிறேன் என்றாள். அவளுக்குப் பதினாறு வயது. ஆச்சி அவளைப் பார்த்து, "நீ கேட்டனியே?" என்றார். கோபம் இல்லை, கேள்விதான். அதன்பிறகு இரண்டு பேருமாக மரத்தின் கீழேயே இருந்து முதல் அடிகளைச் சேர்ந்து சொல்லிப் பார்த்தார்கள். அதை எடுக்கலாம் என்று அவளே சொன்னாள். மூன்றாவது திரை இப்போது என்னவென்று எனக்குத் தெரியும்.

தன் பெயர் எங்கேயும் வரக் கூடாது, அரியாத்தையின் பெயர் பெரிய எழுத்தில் வர வேண்டும் என்பது ஆச்சியின் கட்டளை. சிறுபோக அறுவடை முடிந்ததும் குமுழமுனையில்தான் முதல் காட்சி. வெள்ளைத் துணி மூன்று, புரொஜெக்டர் மூன்று, ஜெனரேட்டர் ஒன்று. கொழும்புக் கலைக்கூடமும் வெளிநாடும் அதற்குப் பிறகு.

இதை வாசிக்கிறவர்களில் வன்னி வேர் உள்ளவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள், ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இலண்டனிலும். உங்கள் அம்மம்மாவுக்கு, அப்பாச்சிக்கு இந்த ஒப்பாரியில் வேறு அடிகள் தெரிந்திருக்கலாம். பொலிப் பாட்டோ, தாலாட்டோ, வழிநடைப் பாட்டோ தெரிந்திருக்கலாம். கேளுங்கள். ஒப்பாரி என்றால் வீட்டுக்குள் வேண்டாம், பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். தாலாட்டு என்றால் ஃபேனையும் பிரிட்ஜையும் நிறுத்திவிட்டு, போனை ஒரு முழத்துக்குள் வைத்து, அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். முடிந்ததும் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். விட்ட அடி ஒன்று இருக்கும், திரும்பச் சொல்லுவார்.